கையை எடுக்காதீங்க

காரின் பின்கதவைத் திறந்ததும் சீட்டிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது. பையனுக்குப் பத்தொன்பது வயசு. விடுதியில் கண்ணாடிக் கதவு உடைந்து, இடது கையில் முழங்கைக்கு மேலே உள்பக்கமாக நீளமாகக் கிழித்திருந்தது. கூட நாலு நண்பர்கள். காயத்தின் மேல் பஞ்சை அப்பி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே ஒரு கைக்குட்டை கட்டியிருந்தது. என் சுண்டுவிரல் அந்தக் கட்டுக்குள் சுலபமாக நுழைந்தது.

தளர்ந்த கட்டு, கட்டே இல்லாததைவிட மோசம். இதயத்திலிருந்து வரும் ரத்தக்குழாய் ஆழத்தில் இருக்கும், அழுத்தமும் அதிகம். திரும்பிப் போகும் குழாய்களோ மேலாக ஓடுபவை. லேசாகக் கட்டினால் திரும்பும் வழி மட்டும் அடைபடும், வரும் வழி திறந்தே இருக்கும். காயத்திலிருந்து இன்னும் வேகமாகக் கொட்டும். அந்தப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்? ஒருவன் அழுதுகொண்டே சொன்னான்: "நின்னுச்சா நின்னுச்சான்னு அப்பப்போ எடுத்துப் பார்த்துக்கிட்டேதான் வந்தோம் சிஸ்டர்."

விடிவதற்குள் இறந்துபோனான். பதினோரு கிலோமீட்டர் தூரம், எட்டுக் கைகள். எல்லாம் கபடி விளையாடுகிற பிள்ளைகளின் கைகள். அதில் இரண்டு கை, காயத்தின் மேல் ஒரு துணியை வைத்து, எடுக்காமல் அழுத்திக்கொண்டே வந்திருந்தால் அவனைக் காப்பாற்ற எங்களுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அரசு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். எத்தனையோ சாவைப் பார்த்தாகிவிட்டது. அந்த எட்டுக் கைகள் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

பிறகு ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் சுகாதார மையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ச்சல் மாத்திரை, தலைவலித் தைலம், பரீட்சை நாளில் வயிற்றுவலி. அதுதான் வேலை. ஆனால் அந்த வளாகத்தில் ஆறாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். லேத் பட்டறை இருந்தது, வேதியியல் கூடம் இருந்தது, விடுதிகள் நிறையக் கண்ணாடி இருந்தது. நெடுஞ்சாலையைத் தொட்ட வாசல் வேறு. ஆம்புலன்ஸ் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துவைக்க ஆரம்பித்தேன். சில நாள் பன்னிரண்டு நிமிடம், சில நாள் இருபத்தைந்து. 108 சேவை தமிழ்நாட்டுக்கு 2008-ல் வந்தது. அதற்கு முந்தைய காலத்தைப் பார்த்தவள் என்பதால் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்தவன் சில நிமிடங்களில் போய்விடுவான். வண்டி எவ்வளவு விரட்டி வந்தாலும் அந்தச் சில நிமிடம் அங்கே நிற்பவர்கள் கையில்தான்.

நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் சில பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், சாண்டி ஹுக் தொடக்கப்பள்ளியில் 2012 டிசம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருபது குழந்தைகளும் ஆறு பெரியவர்களும் இறந்தார்கள். அதற்குப் பின் 2013-ல் லென்வொர்த் ஜேக்கப்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் தலைமையில் ஹார்ட்ஃபர்ட் நகரில் ஒரு குழு கூடியது. ரத்தப்போக்கால் யாரும் சாகக் கூடாது, அதை நிறுத்துவது பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 2015 அக்டோபரில் 'ஸ்டாப் தி பிளீட்' என்ற பெயரில் அது பொதுமக்கள் இயக்கமாயிற்று. இதன் வேர் போர்க்களத்தில் இருக்கிறது. கை காலை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் டூர்னிக்கெட் என்ற பட்டையைக் கட்டினால் கை கால் போய்விடும் என்று பல காலம் மருத்துவர்களே அதை ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஈராக் போர் அந்த எண்ணத்தை மாற்றியது. பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் என்ற மருத்துவரின் குழு கணக்கெடுத்து 2009-ல் வெளியிட்டது: ரத்தம் இழந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பின்பு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கட்டு ஒன்றேதான், கட்டிய நேரம்தான் வேறு. அந்தப் பக்கங்களைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ரத்தத்தை நிறுத்துவதை வளாகத்தில் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு செய்தேன். ஆனால் முதல் வகுப்பைத் தப்பாக நடத்தினேன். குளிர்சாதன அரங்கம், படங்கள் ஓடும் திரை, பேராசிரியர்களும் முதுகலை மாணவர்களுமாக நூற்றுச் சொச்சம் பேர். கைதட்டினார்கள், சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்து, அதில் உட்கார்ந்திருந்த ஆறு பேரிடம் ஒரு துண்டைக் கொடுத்து, "என் தொடையில வெட்டு, என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஒருவர் துண்டை மென்மையாக மேலே வைத்தார், குழந்தைக்குப் போர்த்துவதுபோல. இன்னொருவர் தண்ணீர் கேட்டார். அழுத்தியவர் யாருமில்லை.

அன்றைக்கு இரவு பத்து மணிக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வளாகத்தைச் சுற்றி நடந்தேன். இந்த நேரத்தில் இங்கே ஒருவர் வெட்டுப்பட்டு விழுந்தால் முதலில் ஓடிவருவது யார்? நான்கு வாசலிலும் வாட்ச்மேன்கள். மெஸ்ஸில் காலைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த மாஸ்டர். மோட்டார் ரூமில் தண்ணீர் ஏற்றுகிறவர். பஸ் ஷெட்டில் படுத்திருந்த டிரைவர்கள். விடுதி வாசலில் உட்கார்ந்திருந்த ஆயாம்மா. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர்கூட அந்நேரத்தில் அங்கே இல்லை. விடுதி மாணவர்கள் உண்டு, ஆனால் அவர்களையும் நான் அதுவரை கூப்பிடவில்லை.

அதனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தைப் பிடித்தேன். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. அரைமணி நேரம், பத்துப் பேருக்கு மேல் கிடையாது. வாட்ச்மேன்களும் துப்புரவுப் பணியாளர்களும் கான்ட்ராக்ட் ஆட்கள். பயிற்சி நேரத்துக்குச் சம்பளம் தர முடியாது என்றார் அவர்களை அனுப்பும் நிறுவனத்துக்காரர். மூன்று மாதம் நடையாய் நடந்து அந்த அரைமணியை வேலை நேரமாக எழுதவைத்தேன். இந்த மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒரு மனிதன் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, தன் சொந்த நேரத்தில் நம் பிள்ளைகளைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பது? முதலில் வாழை மரத்தைத்தான் நினைத்தேன். மரத்தடி தொடையளவு பருமன், கத்தியால் கீறினால் நீர் வடியும், எல்லோருக்கும் பழகிய பொருள். ஆனால் அமுங்கவில்லை. போதாததற்குப் பத்துப் பேரின் சீருடையில் வாழைக்கறை. அடுத்து, பழைய மெத்தையிலிருந்து நுரையை வெட்டி, தொடைபோல உருட்டி, மேலே ரெக்ஸின் சுற்றித் தைக்கச் சொன்னேன். தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஆழமாக ஒரு கீறல். அதன் அடி வரைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டியூபை உள்ளே நுழைத்து, மறுமுனையில் சலைன் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டேன். பாட்டிலில் பீட்ரூட் சாறு கலந்த தண்ணீர். ஒருவர் பாட்டிலை அமுக்கி அமுக்கி விட வேண்டும், நாடித்துடிப்பின் கணக்கில். கீறலிலிருந்து விட்டு விட்டுப் பீச்சும்.

அந்த நுரைத் தொடைதான் உண்மையான வாத்தியார். துணியை மேலாக வைத்தால் துணி நனையும், ஒழுக்கு நிற்காது. ஒரு விரலால் துணியின் நுனியைக் காயத்தின் அடி வரைக்கும் செருகி, மறுவிரலால் அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மடிப்பைச் செருகி, இப்படியே இடம் இல்லாமல் போகும் வரை திணிக்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, முழங்கையை மடக்காமல், உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி மண்டியிட்டு அழுத்த வேண்டும். அடியில் கெட்டியான தரை இருக்க வேண்டும். கட்டிலில் படுக்கவைத்து அழுத்தினால் பாரத்தை மெத்தை வாங்கிக்கொள்ளும். சரியாகத் திணித்துச் சரியாக அழுத்தினால், பாட்டிலை அமுக்குகிறவரின் கையில் எதிர்ப்பு தெரியும். "ஏய், போக மாட்டேங்குது!" என்று அவர் கத்துவார். அந்தச் சத்தம் வரும்வரை யாரையும் நான் எழுந்திருக்க விட்டதில்லை.

நெஞ்சிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது, அது ஆஸ்பத்திரி வேலை. கை, கால், கழுத்தின் அடி, அக்குள், இடுப்பு மடிப்பு, இவ்வளவுதான் நம் எல்லை என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லிவிடுவேன்.

கடினமான பாடம் அதற்குப் பிறகுதான். மூன்று நிமிடம் கையை எடுக்காமல் அழுத்தச் சொல்லி, சுவர்க் கடிகாரத்தைக் காட்டுவேன். எல்லோருக்கும் நாற்பதாவது நொடியில் ஒரு ஆசை வரும். லேசாகத் தூக்கிப் பார்க்கலாமா? அதுதான் அந்தக் காரில் வந்த பிள்ளைகளுக்கும் வந்த ஆசை. உறையத் தொடங்கிய ரத்தம், தூக்கிப் பார்க்கும்போது துணியோடு பிய்ந்துவிடும். பக்கத்தில் நின்று நான் வேண்டுமென்றே கேட்பேன்: "நின்னுருச்சான்னு பாருங்களேன்?" மாணவர்கள் பாதிப்பேர் தூக்கிவிடுவார்கள். துப்புரவு வேலை பார்க்கும் ஒரு அக்கா மட்டும் என்னை நிமிர்ந்தே பார்க்காமல் சொன்னார்: "நீங்க ஆயிரம் சொல்லுங்க. நான் எடுக்க மாட்டேன்."

மருத்துவப் புத்தகத்தில் இல்லாத கேள்விகளெல்லாம் இவர்களிடமிருந்துதான் வந்தன. காப்பித்தூள் வைக்கலாமா? மஞ்சள்? சுண்ணாம்பு? தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் வெட்டுக்காயப் பூண்டை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். அவர் அப்பா காலத்திலிருந்து அரிவாள் காயத்துக்கு அதைத்தான் கசக்கிப் பிழிகிறார்களாம். சின்னக் காயத்தில் அது அவருக்குக் கைகொடுத்திருக்கிறது. அதை நான் ஏன் மறுக்க வேண்டும்? ஒரு லிட்டர் பாட்டில் ஐந்தில் சிவப்புத் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தேன். ஒரு பெரிய ஆளின் உடம்பில் ஓடுவது ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு பாட்டிலை எடுத்துக் கீழே வைத்து, "இவ்வளவு போயிட்டா ஆள் தங்கறது கஷ்டம் ஐயா. பீச்சி அடிக்கிறப்போ தழையைத் தேடிப் போக நேரம் இருக்காது. உங்க தோள்ல கிடக்கே துண்டு, அதுதான் மருந்து" என்றேன். துண்டை எடுத்து உதறிப் பார்த்தார். "அழுக்கா இருக்கே?" அழுக்கால் சீழ் வைத்தால் அதற்கு மருந்து இருக்கிறது, ரத்தம் போய்க்கொண்டிருந்தால் உயிர் காத்திருக்காது என்று சொன்னேன். தலையாட்டினார்.

டூர்னிக்கெட் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அதே பெரியவர்தான் அதற்கு 'முறுக்குப் பட்டை' என்று பெயர் வைத்தார். இப்போது வளாகம் முழுக்க அதுதான் பெயர். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின்மேல் படாமல், பாக்கெட்டில் செல்போனோ சாவியோ இருந்தால் எடுத்துவிட்டு, பட்டையை முதலில் கையால் இறுக்க இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பட்டையோடு இருக்கும் குச்சியை முறுக்குவது. ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, குச்சியைக் கொக்கியில் மாட்டி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். வலி உயிர் போகும். அடிபட்டவர் "அவிழ்த்துவிடுங்க" என்று கெஞ்சுவார். அதைக் கேட்டு அவிழ்ப்பதுதான் பெரிய தவறு. என்.சி.சி. காலத்தில் பயிற்சி எடுத்த ஒரு பேராசிரியர், கால்மணிக்கு ஒருமுறை தளர்த்த வேண்டும் என்று படித்ததாகச் சொன்னார். பழைய புத்தகங்களில் அப்படித்தான் இருந்தது. தளர்த்தும் ஒவ்வொரு முறையும் காயம் மறுபடி கொட்டும் என்பது பிறகு தெரியவந்தது. இன்றைக்கு அதை ஆஸ்பத்திரியில் மட்டுமே அவிழ்க்கிறோம்.

மாணவர்கள் கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு நாடாவைக் காட்டி, அவசரத்துக்கு இதைக் கட்டலாமா என்றார்கள். கூடாது. ஒல்லியான நாடா தோலை அறுக்குமே தவிர, ஆழத்தில் இருக்கும் குழாயை அடைக்காது. பெல்ட்டும் போதிய அளவு இறுகாது. பட்டை இல்லையென்றால் கைதான்.

இன்னொரு கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "பாம்பு கடிச்சாலும் இதைத்தானேம்மா கட்டணும்?" புதர் மண்டிய வளாகம், மழைக்காலத்தில் கண்ணாடிவிரியன் நடமாட்டம் உண்டு. நல்லது செய்யப் போய் நானே ஒரு ஆபத்தைக் கொண்டுவந்து வைத்திருப்பேன். கடிபட்ட இடத்துக்கு மேலே கயிறு கட்டும் பழக்கம் நம் ஊரில் ஊறிப்போனது, அது தப்பு. கட்டினால் அந்தக் கை காலுக்குக் கேடு. அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் வழி. மறுநாளே, வளாகத்தில் அங்கங்கே வைத்திருந்த முதலுதவிப் பெட்டிகள் எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் ஒட்டினேன்: 'பாம்புக்கடிக்கு இல்லை'.

மாணவர்கள் வகுப்பில் வேறொரு சுவர் இருந்தது. பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மூன்றாம் வருடப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான்: "ஒரு பொண்ணுக்குத் தொடையில அடிபட்டா நான் எப்படி சிஸ்டர்...?" வகுப்பில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கேட்டதுதான் அந்த வளாகத்தில் ஒரு உயிரைக் காப்பாற்றவிடாமல் தடுத்து நிறுத்தக்கூடிய காரணம். நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "நான் விழுந்து கிடந்தா தொட்டுக் காப்பாத்துடா. அதுக்கு நானே இப்பவே அனுமதி தர்றேன்" என்றாள். அதற்கப்புறம் அந்த அறையில் வேறு மாதிரி ஒரு அமைதி. பட்டை கட்டிப் பழகுவதை ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் செய்தார்கள். நுரைத் தொடையில் எல்லோரும் சேர்ந்தே அழுத்தினார்கள்.

போலீஸ் பயம் எல்லோருக்கும் பொது. "கேஸாயிட்டா கோர்ட்டுக்கு யாரும்மா அலையறது?" சாலை விபத்தில் உதவுகிறவர்களைப் பாதுகாக்கும் வழிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் ஒப்புதல் தந்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், சாலை விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. இதையெல்லாம் ஒரே ஒரு தாளில் தமிழில் எழுதி, வாசல் அறைகளில் ஒட்டினேன். சட்டத்தைவிட, "யார் பணம் கட்டறது?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்ததுதான் அவர்களுக்குத் தெம்பு.

பெட்டி வைப்பதிலும் பாடம் கற்றேன். விலையுயர்ந்த பொருள் என்று சொல்லி நிர்வாகம் பெட்டிகளைப் பூட்டிய அலமாரியில் வைத்தது. சாவி வைத்திருப்பவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார். பூட்டை எடுக்கவைத்து, கையால் இழுத்தால் அறுந்துவிடும் பிளாஸ்டிக் முத்திரை போட்டேன். அடுத்தது கொள்முதல். மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலை. வந்த பட்டைகள் பார்க்க அசல் மாதிரியே இருந்தன. வகுப்பில் ஒரு டிரைவர் தம்பியின் தொடையில் கட்டி மூன்றாவது சுற்று முறுக்கியதும் குச்சி படக்கென்று ஒடிந்தது. ஒடிந்த துண்டையும் அசலையும் ஒரே மேசையில் வைத்து, கொள்முதல் அலுவலரையே முறுக்கிப் பார்க்கச் சொன்னேன். அவரும் ஒடித்தார். மொத்தத்தையும் திருப்பி அனுப்பினோம். விலை கூடுதலானவற்றைக் குறைந்த எண்ணிக்கையில் வாங்கினோம்.

ஒவ்வொரு பெட்டியிலும் கையுறை, கத்தரிக்கோல், காஸ் ரோல் இரண்டு, பட்டை ஒன்று, மார்க்கர் பேனா. பொங்கல் விழாவுக்குக் கத்தரிக்கோலும் மார்க்கரும் காணாமல் போகும். அதனால் மாதம் ஒருமுறை எண்ணி, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவேன்.

ஒரு ஜூன் மாதம், பகல் பதினொன்று. வடக்கு வாசல் பக்கம் புல் வெட்டும் மெஷினின் பிளேடு கல்லில் பட்டு உடைந்து, ஒரு துண்டு பறந்து, பக்கத்தில் குப்பை அள்ளிக்கொண்டிருந்த இளைஞனின் இடுப்பு மடிப்பில் பாய்ந்தது. சுகாதார மையத்திலிருந்து அரைக் கிலோமீட்டர். நான் மூச்சு வாங்க ஓடிப் போனபோது, வடக்கு வாசல் வாட்ச்மேன் அவன்மேல் மண்டியிட்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயசு மனிதர். பட்டை கட்ட முடியாத இடம் என்று அவருக்கே தெரிந்திருந்தது. காஸ் ரோலைத் திணித்து, அதன்மேல் தன் துண்டை வைத்து, முழங்கை மடங்காமல் அழுத்திக்கொண்டிருந்தார். பெட்டியை எடுத்துவந்தது அந்தத் துப்புரவு அக்கா. கையுறையை மாட்டிவிட்டதும், 108-க்கு அடித்ததும் அவர்தான். பையன் வெளுத்திருந்தான், ஆனால் பேசினான்.

நான் அருகில் உட்கார்ந்ததும் வாட்ச்மேன் கேட்டார், "எடுக்கலாமா சிஸ்டர்?"

"வேண்டாம்ணே. வண்டி வரட்டும்."

பதினெட்டு நிமிடம். அவருடைய தோள்கள் நடுங்கின. வியர்வை மூக்கு நுனியிலிருந்து துண்டின்மேல் சொட்டியது. நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். கை மாறும் நேரத்தில் ஒழுகிவிடுமே என்று அவர் ஒப்பவில்லை. ஆம்புலன்ஸிலும் அப்படியே ஏறினார். ஆஸ்பத்திரியில் மருத்துவர் அவர் மணிக்கட்டைத் தொட்டு, "இனி நான் பார்த்துக்கறேன்" என்றபோதுதான் எடுத்தார். விரல்கள் விரியவில்லை. அந்த அக்கா வெந்நீர் கொண்டுவந்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். இளைஞன் மூன்று வாரத்தில் வீடு திரும்பினான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஷிஃப்ட் மாறும்போது வாட்ச்மேன் என் அறை வாசலில் நின்றார். கையில் பெட்டியின் ரெஜிஸ்டர்.

"காஸ் ரோல் ஒண்ணு, கையுறை ஒரு ஜோடி குறையுது சிஸ்டர். எழுதி வாங்கிக் குடுத்துடுங்க. பெட்டி காலியா இருக்கக் கூடாது."